சொர்ணத்துக்கு ஒரு பூவரசு மேசை

தேசப்பனுக்குக் கட்டுமரம் தெரியும், வலை தெரியும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பது தெரியும். மேசை மட்டும் தெரியாது. அவன் வீட்டில் மட்டுமில்லை, அந்தக் குப்பத்திலேயே யார் வீட்டிலும் மேசை கிடையாது. அப்படிப்பட்டவன் எழுபத்தைந்தாம் வருஷம் சொந்தமாக ஒரு மேசை செய்யக் கிளம்பினான் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள்? சிரித்தார்கள். "தேசப்பன் கலெக்டர் ஆயிட்டான்டா. இனிமே டேபுளாண்ட குந்திக்கினுதான் மீன் வெல பேசுவான்" என்றார்கள். அவனுக்கும் சிரிப்புதான் வந்தது. யாருக்காகச் செய்கிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவன் பெண்சாதி சொர்ணத்துக்காக. சொர்ணம் அப்போது வீட்டில் இல்லை. செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கிற தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தொழுநோய் என்று சொல்வதெல்லாம் டாக்டர்களும் படித்தவர்களும்தான். குப்பத்தில் அந்த வார்த்தையை வாயால் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயம். "அந்த நோவு" என்பார்கள். மகள் வச்சலா பாவாடை கட்டிக்கொண்டு கரையில் நண்டு பிடித்துத் திரிந்த காலத்தில் சொர்ணத்துக்கு அது வந்தது. ஒருநாள் கொதிக்கிற குழம்புச் சட்டியைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்தாள் சொர்ணம். கொப்புளம் எழும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுட்டதே அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே தேசப்பன் அவளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனான்.

வருஷக்கணக்கில் மாத்திரை தின்றாள். நோய் போயிற்று. டாக்டர் தேசப்பனை எதிரில் உட்கார வைத்து, "கிருமி எல்லாம் செத்துப் போச்சு. இனிமே யாருக்கும் ஒட்டாது. ஒரே தட்டுல கூடச் சாப்பிடலாம்" என்று சொன்னார். ஆனால் கைகளில் செத்துப்போன உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மரத்தது மரத்ததுதான். சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் புழங்க வேண்டும். அதற்கு அவள் பழகிக்கொண்டாள்.

அப்புறம் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்கலாம். வந்தாள், ஒரு தடவைக்கு நாலு தடவை வந்தாள். யாரும் வையவில்லை, விரட்டவில்லை. அதைத்தான் தேசப்பனால் யாரிடமும் எடுத்துச் சொல்ல முடியவில்லை. அவன் அண்ணன் இறந்த பிறகு அண்ணி பூவாயிதான் வச்சலாவை வளர்த்து வீட்டையும் பார்த்துக்கொண்டாள். நல்லவள். சொர்ணம் வந்தால் மீன் வறுத்துப் போடுவாள். ஆனால் சொர்ணத்தின் தட்டு தனியாகக் கூரை ஓரத்தில் செருகியிருக்கும். எல்லோருமாகப் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தால், சொர்ணம் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்வார்கள். பூவாயி நகர்வாள், பக்கத்து வீட்டுக்காரி நகர்வாள். பேச்சு நடந்துகொண்டே இருக்கும், சிரிப்பு கூட இருக்கும், பாயில் ஒரு முழம் இடம் மட்டும் காலியாகிவிடும். இரண்டு நாள் போனால் சொர்ணம், "மாத்திரை தீந்து பூட்ச்சு" என்று பையை எடுத்துக்கொள்வாள். மாத்திரை அவள் பையிலேயே இருக்கும். தேசப்பனுக்கு அது தெரியும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடப்பான்.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கிப்போகக் கடலோரமாகக் காட்டேஜ் கட்டியிருந்தார்கள். சிங்கி இறால் கிடைத்தால் தேசப்பன் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பான். அப்படிப் போன ஒரு நாள், சவுக்கு மரத்து நிழலில் ஒரு மேசை கிடந்ததைப் பார்த்தான். இரண்டு பக்கமும் இரண்டு பெஞ்சு. மேசைக் காலும் பெஞ்சுக் காலும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. தேசப்பன் பெஞ்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். இன்னொரு பக்கம் போய் இழுத்தான்.

"இன்னா அண்ணாத்த, பெஞ்ச ஒடைக்கிறியா?" என்றான் சமையல்காரன்.

"இது நவுராதா?"

"நவுராது. மேசையும் பெஞ்சும் ஒரே கட்டு. பிக்னிக் டேபுள்னு பேரு."

"அப்ப குந்துனவன் தள்ளிக் குந்தணும்னா?"

"எங்க தள்றது? நாலு பேரு குந்துனா எடம் அவ்ளோதான். புடிக்கலன்னா எழுந்து போவணும்."

தேசப்பன் இறால் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றான். எழுந்து போவதற்கு ஒரு மூஞ்சி வேண்டும். நகர்வதற்கு அது வேண்டாம். பூவாயியோ மற்றவர்களோ சொர்ணத்தின் மூஞ்சிக்கு நேராக எழுந்து போகிறவர்கள் இல்லை. அவ்வளவு கல்நெஞ்சம் யாருக்கும் இல்லை. அப்படியென்றால் நகர முடியாத ஒன்றில் அவர்களை உட்கார வைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டான். ஒரு வேளை உட்கார்ந்துவிட்டால் மறுவேளையும் உட்காருவார்கள். சொர்ணம் வீட்டோடு இருந்துவிடுவாள். அவன் மனசில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

நேரமும் கூடி வந்தது. கோவளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்த வச்சலாவுக்கு ஐப்பசியில் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். தாய்வீடு என்றால் தாய் இருக்க வேண்டாமா? அதற்குள் மேசை தயாராக வேண்டும் என்று கிளம்பினான்.

திருக்கழுக்குன்றத்து மரவாடிக்குப் போய், மரம் அறுக்கிறவனிடம் விஷயத்தைச் சொன்னான். மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்க வேண்டும், உப்புக்காற்று அடிக்கும். அறுக்கிறவன் முதலில் சவுக்கைக் காட்டினான். தேசப்பன், "அடுப்புக்கு வந்தவன்னு நெனச்சியா? ரெண்டு வெயில் காஞ்சா பொளந்துக்கும்" என்றான். மாம்பலகை ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும். தேக்கு அவன் நினைக்கக்கூடிய மரமில்லை. பனை என்றால் கல்லு மாதிரி நிற்கும், கடல் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. அறுக்கிறவனும் பனையைத்தான் எடுத்துக்கோ என்றான். தேசப்பன் பனஞ்சட்டத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"இதுல சிலாம்பு இருக்குதே."

"இருந்தா இன்னா? ஏறுனா புடுங்கிப் போட வேண்டியதுதான்."

"ஏறுனது தெரியணுமே" என்றான் தேசப்பன்.

அறுக்கிறவனுக்குப் புரியவில்லை. கையில் சிலாம்பு ஏறினால் சொர்ணத்துக்குத் தெரியாது. சீழ் வைத்த பிறகு பார்ப்பாள். அதனால் வழுவழுப்பாக இழைக்க வருகிற மரம் வேண்டும், நார் கிளம்பக் கூடாது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் பூவரசுக்கு வந்து நின்றார்கள். தண்ணீருக்கு அசராது. வண்டிக்கும் படகுக்கும் போடுகிற மரம். இழைத்தால் உள்ளே செந்தவிட்டு நிறத்தில் ரேகை ஓடும். நன்றாகக் காய்ந்த பலகையாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தான்.

வீட்டுப் பக்கத்துப் புங்க மரத்தடியில் வேலை நடந்தது. காட்டேஜுக்குப் போகும்போதெல்லாம் அந்த மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வருவான். கட்டுமரம் செதுக்குகிற வாய்ச்சி அவனிடம் இருந்தது. இழைப்புளியும் உளியும் இரவல். இரும்பு ஆணி ஒன்று கூட அடிக்கவில்லை. வெயிலில் ஆணித்தலை கொதித்துக் கிடந்தால் அவள் கையை வைத்துவிடுவாள் என்று, எல்லாவற்றையும் மரமுளை அடித்தே இறுக்கினான். அவள் இடித்துக்கொண்டாலும் தெரியாதே என்று மேசை முனைகளை அரம் போட்டு உருட்டினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின் வழுவழுப்பைப் பார்க்கத் தன் கையை அவன் நம்பவில்லை. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை அது. குனிந்து கன்னத்தைப் பலகையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். அந்தப் பக்கம் போனவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்தது பூச்சு. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சொர்ணத்திடமே கேட்டான்.

"எனக்கா டேபுளு? நான் இன்னா தொரசாணியா?" என்று அவள் சிரித்தாள். சிரித்த கையோடு, "பெயிண்ட்டு மட்டும் வாணாம். இங்க கட்டிலு, கதவு, பெஞ்சு எல்லாத்துக்கும் பச்ச பெயிண்ட்டு. பாத்துப் பாத்து வெறுத்துப் பூட்ச்சு. மரம் மரமாவே தெரியட்டும்" என்றாள்.

பெயிண்ட் தள்ளுபடி ஆயிற்று. வார்னிஷ் உப்புக்காற்றில் தோல் தோலாக உரியும் என்று மரவாடிக்காரன் சொன்னான். சுறா எண்ணெய் தடவலாம், ஆனால் அந்த நாற்றத்தில் எவன் சோறு தின்பான், குப்பத்து நாய்களெல்லாம் நக்க வந்துவிடும். தார் என்றால் கருப்பாய் ஒட்டும். கடைசியில் தோப்புப் பக்கம் முந்திரி வறுக்கிற கொட்டகையில் இருந்தவன் ஒரு யோசனை சொன்னான். முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து வடிகிற எண்ணெய். படகுக்குப் பூசுவார்கள். கரையான் அண்டாது, உப்பு ஏறாது, பூவரசின் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும். "ஆனா நல்ல வெயில்ல ஒரு வாரம் காயணும். பச்சையா இருந்தா தோலை வேவிச்சுடும்" என்றும் அவன் சொன்னான். இதை அவன் சொல்லாவிட்டாலும் தேசப்பனுக்குத் தெரியும். அந்தக் கரையில் முந்திரி உடைத்துக் கை வெந்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்!

முதல் பூச்சு பூசினான். நல்ல வெயில். நன்றாகவே காய்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடுவானா? வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு தூறல் தூறி, மேசையின் பளபளப்பு கொஞ்சம் மங்கின மாதிரி அவனுக்குத் தோன்றியது. சொர்ணம் முதல்முதலாகப் பார்க்கும்போது மின்ன வேண்டும் என்று இன்னொரு பூச்சு பூசினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். வானம் மூட்டமாகவே இருந்தது. வளைகாப்பன்று காலையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான். ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கன்னத்தை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கவில்லை.

அன்று மத்தியானம் வச்சலா கை நிறையக் கண்ணாடி வளையலோடு தாய்வீடு வந்தாள். கூட அவள் மாமியாரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். சொர்ணத்தை முதல்நாளே தேசப்பன் கூட்டி வந்திருந்தான். மேசையைப் பார்த்ததும் அவள் கிட்டே போனாள். கை உணராது என்பதால் குனிந்து கன்னத்தால் அதன் விளிம்பை ஒரு இடத்தில் தொட்டுப் பார்க்கப் போனாள். அதற்குள் வேலை இருக்கிறது என்று பூவாயி கூப்பிட்டுவிட்டாள்.

வஞ்சிரம் குழம்பும் இறால் தொக்குமாகச் சாப்பாட்டை மேசையில் கொண்டு வந்து வைத்தான் தேசப்பன். சொர்ணத்தை உட்கார வைத்தான். "அண்ணி, குந்து. சம்பந்தியம்மா, வாங்க" என்று கூப்பிட்டான். அவன் யோசிக்காத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. பெஞ்சு அசையாது என்றால் காலைத் தூக்கித் தாண்டி உள்ளே போய்த்தான் உட்கார வேண்டும். காட்டேஜில் அரைக்கால் சட்டை போட்டவர்கள் தாண்டினார்கள். புடவை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் எதிரில், எந்தப் பெண்பிள்ளை காலைத் தூக்குவாள்?

"எங்களுக்கு இதெல்லாம் ஏறி எறங்க வராதுப்பா. நாங்க கீழயே குந்திக்கிறோம்" என்றாள் சம்பந்தியம்மா. பூவாயி சட்டென்று பாயை விரித்தாள். காரணம் புடவைதானா, வேறா என்று யார் கண்டது? தேசப்பன் கரண்டியோடு நின்றான்.

அப்போது வச்சலா வந்தாள். பெஞ்சின் ஓரத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள். இடது கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, "நைனா, எனக்குப் போடு" என்றாள். அம்மாவின் தட்டிலிருந்து ஒரு மீன்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் செய்கிறது போலவே. சொர்ணம் இரண்டு கையையும் முழங்கை வரை மேசையில் படிய வைத்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக்கூட இல்லை. அடேயப்பா, இதற்குத்தானே இத்தனை பாடு என்று தேசப்பனுக்கு இருந்தது. பாயில் இருந்தவர்களை அவன் மறந்தே போனான். நடுவில் வச்சலா எழுந்து தொட்டியடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். திரும்ப உட்காரவில்லை, அசதியாக இருக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்தாள். பிள்ளைத்தாச்சிதானே என்று அவன் நினைத்தான். சொர்ணம் சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விடியலில் தேசப்பன் கடலுக்குப் போய்விட்டான். சொர்ணம் கிணற்றடியில் குனிந்தபோது பூவாயி பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கையிலும் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நடுவில் கறுத்து, சில இடத்தில் உடைந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சொர்ணத்துக்கே அப்போதுதான் தெரியும். பூவாயி கத்தவில்லை, பாவம். உள்ளே போய்க் கிருஷ்ணாயில் டின்னையும் ஒரு கூடை மணலையும் எடுத்துக்கொண்டு வந்து, மேசையையும் பெஞ்சையும் போட்டுத் தேய்த்தாள். பிள்ளைத்தாச்சிப் பெண் இருக்கிற வீடாயிற்றே என்ற பயம் அவளுக்கு. ராத்திரி அங்கேயே தங்கியிருந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டாள். பிறகு எதை மறைப்பது?

தேசப்பன் கரையேறி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். ஊர் நாட்டார் நீலமேகம் வந்திருந்தார். குப்பத்தில் வழக்கு வம்பு எதுவானாலும் தீர்த்து வைக்கிற பெரியவர். கெட்டவர் இல்லை. சம்பந்தியம்மா முடிவாகப் பேசினாள்: "அந்த நோவு திரும்பி வந்துட்ச்சு. ஒண்ணு அந்தம்மா இங்க இருக்கட்டும், நாங்க எங்க பொண்ண இட்டுக்கினு போறோம். இல்லன்னா அந்தம்மா போவட்டும், பொண்ணு இங்க இருக்கட்டும். பொறக்கற கொழந்த எங்க வூட்டுக் கொழந்த."

தேசப்பன் சொர்ணத்தின் கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். தலையில் அடித்துக்கொண்டான். "நாட்டாரே, இது நோவு இல்ல. எண்ண. முந்திரி எண்ண. நான்தான் பூசுனேன். காயாம கீது. அதுல கைய வெச்சுக்கினு குந்தியிருந்தா. என் தப்பு" என்றான்.

நாட்டார் யோசித்தார். "முந்திரி எண்ண பட்டா எரியுமேப்பா. தீ வெச்சாப்ல எரியும். பட்டவ குந்தியிருப்பாளா?" என்று சொர்ணத்தின் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, நேத்து குந்தியிருந்தியே, எரிஞ்சுதா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வச்சலா கதவோரம் வளையல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொர்ணம் மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு நாட்டாரிடம் சொன்னாள்.

"இல்ல. எரியல."

தேசப்பனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அட மடச்சி, எரிந்தது என்று ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? "அவ கை மரத்த கை நாட்டாரே, எப்டி எரியும்?" என்று கத்தினான்.

"மரத்துப்போறதுதானேப்பா அந்த நோவு" என்றார் நாட்டார். "போயிட்ச்சுன்னா உணர்ச்சி வந்திருக்கணுமே. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேணும்?"

அப்போதுதான் தேசப்பன் அந்தக் காரியத்தைச் செய்தான். "பாருங்க எல்லாரும். எண்ணதான்னு இப்ப காட்றேன்" என்று சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேசையில் போய் உட்கார்ந்தான். சொர்ணம் உட்கார்ந்த அதே இடம். இரண்டு கையையும் பலகையில் அழுத்தி வைத்தான். உச்சி வெயில். ஊரே நின்று பார்த்தது. எரியட்டும், வேகட்டும், தோல் உரியட்டும் என்று வேண்டிக்கொண்டான். தன் தோல் வேக வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்ட மனிதன் அந்தக் கரையில் அவன் ஒருத்தனாகத்தான் இருக்கும். ஒன்றும் எரியவில்லை. கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். வேர்வைதான் இருந்தது. நாட்டார் கிட்டே வந்து அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கீழே விட்டார்.

"எழுந்துரு தேசப்பா. பேஜாரு பண்ணாத" என்றார்.

பலகையில் பளபளப்பு இல்லாமல் வெளுத்துக் கிடந்ததையும், கிருஷ்ணாயில் வாடை அடித்ததையும் அவன் பிறகுதான் கவனித்தான். பூவாயியிடம் பாய்ந்தான். "நான் இன்னா கண்டேன் தேசப்பா, கொழந்த நல்லா இருக்கணும்னுதான் கழுவுனேன்" என்று அவள் அழுதாள். அதற்குள் சொர்ணம் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வச்சலா இங்கயே இருக்கட்டும். நான் போறேன்" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னாள். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று இந்தத் தடவை சொல்லவில்லை. மகளிடம் போய், அவள் இடது கை வளையல்களைக் கொத்தாகப் பிடித்து முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டாள். "பிரசவம் ஆவுற வரைக்கும் கழட்டக் கூடாது" என்றாள். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். வச்சலா வாய்விட்டு அழுதாள். ஆனால் அம்மாவைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இவள் இத்தனை நெஞ்சழுத்தக்காரியா என்று தேசப்பனுக்குப் பெண்ணின் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே, "முந்திரி எண்ணெயா?" என்று கேட்டார். அவரை அப்படியே கையோடு குப்பத்துக்குக் கூட்டிப் போய் நாட்டார் எதிரில் நிறுத்திவிடத் துடித்தான் தேசப்பன். சொர்ணம் விடவில்லை. "கொழந்த பொறக்கட்டும். அப்பால பாக்கலாம். அது வரைக்கும் ஒருத்தர் வாயும் தொறக்கக் கூடாது" என்றாள். அவன் அவளைத் திட்டினான். எரியவில்லை என்று சொன்னதற்காகத் திட்டினான். அடுத்தடுத்துப் பார்க்கப் போனபோதெல்லாம் அதையே சொல்லித் திட்டினான். அவள் கேட்டுக்கொண்டாள். மேசை புங்க மரத்தடியில் கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் பூவாயி அதன் மேல் கருவாடு காயப்போட ஆரம்பித்தாள்.

தையில் குழந்தை பிறந்தது. பெண். சேதி சொல்லத் தேசப்பன் வாழைப்பழமும் கற்கண்டும் வாங்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். சொர்ணத்தின் கைப்புண் ஆறி, பழுப்புத் திட்டாகத் தழும்பு விழுந்திருந்தது. குழந்தை யார் ஜாடை, முடி இருக்கிறதா, வச்சலாவுக்குப் பால் ஊறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக அடுத்ததைக் கேட்டாள்.

"பிரசவத்துக்கு வளையல் கழட்டியிருப்பாங்களே. அவ கை ஆறிடுச்சா? தழும்பு தெரியுதா?"

"எந்தக் கை?" என்றான் தேசப்பன்.

சொர்ணத்தின் சிரிப்பு நின்றது. அவனுக்கு இதுவரை தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இனி மறைத்து ஆவதில்லை.

"அன்னிக்கி என் பக்கத்துல கைய ஊனிக்கினு குந்துனாளே. அவளுக்கும் பட்டுச்சு. ராத்திரி பூரா எரிஞ்சுதும்மான்னு, பூவாயி மேசையத் தேய்க்கறப்ப எங்கிட்ட வந்து காட்டுனா. முழங்கைக்குக் கீழ, இத்தாம் பெரிசு. நான்தான் வளையல ஏத்தி மறச்சிக்கோன்னேன். புண்ணு மேலயே வளையலு ஒராஞ்சிக்கினு கெடந்துச்சு அந்தப் பொண்ணுக்கு. எனக்காச்சும் எரியல. அது அத்தினி நாளும் வாயத் தொறக்கல."

தேசப்பனுக்கு அந்த மத்தியானம் முழுசும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. "அப்ப நாட்டாரு கேட்டப்ப..."

"எரிஞ்சுதுன்னு சொன்னா எண்ணதான்னு ஆவும். எண்ணன்னா, கூட குந்துனவ கையக் காட்டுன்னுவாங்க. காட்டுனா நம்புவாங்கன்னு நீ நெனக்கிற. ஆத்தாளுக்கு வந்தது பொண்ணுக்கும் வந்துட்ச்சுன்னுதான் அந்தம்மா சொல்லியிருக்கும். அவ வாழ்க்க போயிருக்கும். நான் எப்பவும் இங்க இருக்கறவதான்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே. நான் உன்ன எத்தினி வாட்டித் திட்னேன்."

சொர்ணம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை.

"சொல்லியிருந்தா நீ அவ கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்து ஊருக்கே காட்டியிருப்ப" என்றாள்.

தேசப்பன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் காட்டியிருப்பான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேசையில் போய் உட்கார்ந்தவன், மகளின் வளையலை உடைத்துக் கையை ஊர் எதிரில் தூக்கிப் பிடித்திருப்பான், பெண்சாதியின் மேல் இருந்த பிரியத்தில். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு அது தெரியாதா? முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அவள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குழந்தைக்கு என்ன பேர் வைப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். அவன் சொன்னான்.